முன்னால் போன துண்டு

எனக்கு மறுநாள் கல்யாணம் என்கிற சேதி எனக்கே தாம்பரம் கேஸ் ஆபீஸில் வைத்துத்தான் தெரிய வந்தது. கழுத்தில் தாலி தொங்குகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மகள் நிற்கிறாள். எங்களுக்கு முன்னால் வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நீண்டிருக்கிறது. எங்கள் ஹவுஸ் ஓனர் அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு, கவுண்டர் கம்பிக்குள் தலையை நுழைக்காத குறையாக நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்: “சார், தங்கச்சிக்கு நாளைக்கு கண்ணாலம். வூட்ல சமையல் ஆவணும். ஒரே ஒரு சிலிண்டர், பாத்து குடு சார்.”

கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்தார். மீனுவைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். நான் அவமானத்தில் குனிந்த தலையை வீடு வந்து சேரும்வரை நிமிர்த்தவில்லை.

வழியெல்லாம் சண்டை போட்டேன். இது என்ன அண்ணா, வாய் கூசாமல் இப்படிப் பொய் சொல்கிறீர்களே என்றேன். சைக்கிள் கேரியரில் சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளிக்கொண்டே அவர் சொன்ன பதிலை அதற்குப் பிறகு நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

“நெசத்த சொன்னா எவன் நவுருவான், தங்கச்சி?”

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அவருடைய வீட்டில் நான்கு போர்ஷன்கள். ஒன்றில் நாங்கள் இருந்தோம். அந்தத் தெரு, அடுத்த தெரு, அதற்கப்பால் இருந்த காலி மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்தின் நெல் வயல். அப்பா காலத்திலேயே கல் நட்டுப் பிரித்து விற்றாகிவிட்டது. இவருக்கு உழ நிலம் இல்லை, போக ஆபீஸ் இல்லை, சும்மா உட்காரவும் தெரியாது. அதனால் குடித்தனக்காரர்களின் வேலைக்காக ஆபீஸ் ஆபீஸாகப் போவதையே தொழிலாக வைத்துக்கொண்டார். காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பச்சைக் கட்டம் போட்ட ஈரோட்டுத் துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். “இன்னிக்கு யாருக்கு இன்னா வேலை?” என்பார்.

ரேஷன் கடை, மின்சார ஆபீஸ், தாலுகா ஆபீஸ், டெலிபோன் ஆபீஸ் எல்லாவற்றிலும் அவருக்கு ஆள் தெரியும். ஆள் தெரியாத இடத்தில் பொய் தெரியும். ஒரு தடவை எங்கள் போர்ஷனில் ஃப்யூஸ் போய் லைன்மேன் வராமல் இழுத்தடித்தபோது, வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்று சொல்லி அழைத்து வந்துவிட்டார். யார் போனது என்று கேட்டபோது வாயில் வந்தது என் மாமனார். அடுத்த வாரம் மாமனார் கும்பகோணத்திலிருந்து பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்த அதே லைன்மேன் அவரைக் கூப்பிட்டு, “பெரியவரே, இந்த வூட்டுக்கு நீங்க இன்னா வேணும்?” என்று கேட்டிருக்கிறான். மாமனாரும் பெருமையாக முறையைச் சொல்லியிருக்கிறார். அவன் பாதிக் கம்பத்தில் அப்படியே நின்றுவிட்டானாம். மாமனாருக்கு விஷயம் தெரிந்து, அவரைச் சமாதானம் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது.

இதற்கெல்லாம் அவர் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஏதாவது வாங்கிக்கொண்டு செய்திருந்தால் வேண்டாம் போங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

மீனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பேச மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கூட்டமும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று புகுந்த வீட்டிலும், கண் பட்டுவிட்டது என்று பிறந்த வீட்டிலும் சொன்னார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அப்புறம் நான் வேலையை விட்டேன். கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு அம்மாள் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தேன்.

கோடம்பாக்கத்துக்கு எலெக்ட்ரிக் ரயிலில் போக வேண்டும். முதல் நாள் பிளாட்பாரத்தில் கூட்டத்தைப் பார்த்ததுமே மீனு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களோடு வந்த ஹவுஸ் ஓனர் அதைப் பார்த்தார். காலியாக உள்ளே வந்துகொண்டிருந்த ரயிலோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே தோளிலிருந்த துண்டை உருவி ஜன்னல் வழியாக வீசினார். தாம்பரத்தில் அது சகஜம்தான். கைக்குட்டை, பேப்பர், டிபன் பை என்று எதையாவது வீசி இடம் போட்டுவிட்டு அப்புறம் சாவகாசமாக ஏறுவார்கள். ஆனால் மீனு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்தாள். என் கையை உதறினாள். நேராக அந்தப் பெட்டிக்குள் போய், ஜன்னலோரத்தில் குறுக்காகக் கிடந்த துண்டின் மேல் உட்கார்ந்தாள். கோடம்பாக்கம் வரை ஒரு சத்தமில்லை.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கான தண்டனை மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது.

அதன் பிறகு அந்தத் துண்டு கிடந்தால்தான் உட்காருவாள். நான் விரித்தால் ஆகாது. எடுத்து மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவள் வரும்போது அது ஏற்கெனவே அங்கே கிடக்க வேண்டும், அதுவும் வீசி விழுந்த மாதிரி கோணலாக. வேறு துண்டு கூடாது. அதே கடையில் அதே கட்டம் போட்டதை வாங்கி வந்தேன், அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே போட்டாள். தோய்க்கவும் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் சோப்பு போட்டுவிட்டேன். அது பழைய வாசனைக்குத் திரும்பும்வரை ஒரு வாரம் பள்ளிக்கூடம் இல்லை. வியர்வையும் பீடியும் விபூதியும் கலந்த அந்த வாசனையை நானும் தினமும் முகர்ந்துகொண்டு போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது மட்டும் உட்காரவே மாட்டாள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தாம்பரம் வரை நின்றுகொண்டே வருவாள்.

தினமும் காலையில் அவர் ஸ்டேஷனுக்கு வந்து துண்டை வீசிவிட்டுப் போவார். துண்டு எங்களோடு கோடம்பாக்கம் போய்விட்டு மத்தியானம்தான் திரும்பும். அதுவரை வெறும் தோளோடு ஊரில் நடமாடுவார். துண்டில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஆளாளுக்குக் கேட்பார்கள். வண்ணானிடம் போட்டிருக்கிறேன், மாடு தின்றுவிட்டது, மாப்பிள்ளை கேட்டான் கொடுத்துவிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பொய். ஏன் அண்ணா, மீனுவிடம் இருக்கிறது என்று சொல்லக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

மீனுவுக்கு எட்டு வயதானபோது என் கணவருக்குப் பம்பாய்க்கு மாற்றலாகிவிட்டது. அவர் முதலில் போய், அங்கே மீனு மாதிரி குழந்தைகளுக்கென்றே இருந்த பெரிய பள்ளி ஒன்றில் இடம் கேட்டு வைத்தார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது குழந்தை நேரில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் லீவு போட்டு வந்து ரயிலில் எங்களை அழைத்துக்கொண்டு போனார். சென்ட்ரலில் ஹவுஸ் ஓனர் வழக்கம்போல் துண்டு வீசினார், மீனுவும் உட்கார்ந்தாள். திருவள்ளூர் தாண்டியதும் ஒரு பெரியவர் வந்து, கொஞ்சம் தள்ளிக்கம்மா என்று துண்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். அரக்கோணம் வரைக்கும் அவள் போட்ட அலறலில் பெட்டியே எங்களைத் திட்டியது. அரக்கோணத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். லீவு தீர்ந்து அவர் மட்டும் பம்பாய் போனார்.

இனி விமானம்தான் என்று முடிவு செய்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆளுக்கொரு நாற்காலி, ஓரத்தில் வந்து யாரும் உட்கார முடியாது. ஆனால் விமானத்தில் நின்றுகொண்டு போக முடியாது. உட்கார்ந்து பெல்ட் போடாமல் அலறினால் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இறக்கிவிட்டால் பள்ளிக்கூடமும் போயிற்று, ஒன்றாக வாழ்வதும் போயிற்று. எனவே விமான கம்பெனியிடம் கேட்க மூன்று விஷயங்களை யோசித்து வைத்தேன். ஜன்னலோர நாற்காலி வேண்டும். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு எங்களைக் கடைசியாக ஏற்ற வேண்டும், ஏனென்றால் மூடிய இடத்தில் தலைக்கு மேல் ஆட்கள் பெட்டி ஏற்றுவதை அவளால் தாங்க முடியாது. எங்களுக்கு முன்னால் யாராவது போய் அந்தத் துண்டை நாற்காலியில் போட்டுவைக்க வேண்டும்.

நகரத்துக்குள் இருந்த அந்தக் கம்பெனி ஆபீஸுக்கு, மீனுவைப் பக்கத்து போர்ஷனில் விட்டுவிட்டு, நான் தனியாகத்தான் கிளம்பினேன். ஸ்டேஷனில் பார்த்தால் அவர் டிக்கெட்டோடு நிற்கிறார். வாய் திறக்க மாட்டேன், சும்மா கூட வருகிறேன் என்றார். நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

குளுகுளுவென்று ஏசி போட்ட ஆபீஸ். எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அம்மா, கொழந்தைக்கு ஹார்ட்ல ஓட்டை. கொஞ்சம் பாத்து செய்மா.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு அதிகாரியோடு வந்தாள். இதய நோயாளி என்றால் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும், அதைக் கம்பெனி டாக்டர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் டிக்கெட்டே என்றார் அவர். ஐயோ சார், என் பொண்ணுக்கு ஹார்ட்டில் ஒன்றுமே இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வியாதியை மறைத்துக் குழந்தையை விமானத்தில் ஏற்றப் பார்க்கிற தாயாகிவிட்டேன் என்று புரிந்தது. துண்டைப் பற்றியும் கடைசியாக ஏற்றுவதைப் பற்றியும் நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. சர்ட்டிபிகேட்டோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஹவுஸ் ஓனர் வாசலில் வைத்து, அந்த அதிகாரி நம்ம பல்லாவரம் பக்கத்து ஆள் மாதிரி தெரிகிறது, விசாரித்துவிடலாம் என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சைதாப்பேட்டை வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்தேன்.

“ஏன் அண்ணா, என் பொண்ணுக்கு என்னன்னு வெளியில சொல்ல உங்களுக்கு அவ்வளவு வெட்கமா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பியைப் பார்த்தபடியே சொன்னார்.

“வெக்கம் இன்னா தங்கச்சி. ஹார்ட்டுன்னா ஐயோ பாவம்னு வழி வுடுவான். நெசத்த சொன்னா கொழந்தைய ஒரு மாதிரி பாப்பான். நானும் தெனம் ஸ்டேஷன்ல பாத்துக்கினுதான கீறேன். அந்த பார்வை எனக்கு புடிக்கல.”

அந்தப் பார்வை எனக்கு மட்டும் பிடித்தா இருந்தது? அதற்காக ஊரையே பொய்யால் மெழுக முடியுமா? கோபம் தணியவில்லை, ஆனால் எதைப் பிடித்துச் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை. வீடு வரைக்கும் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தோம்.

இல்லாத ஓட்டையை இல்லை என்று நிரூபிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. இதய டாக்டரிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் மீனு அலறுவாள், எழுந்து வந்துவிடுவோம். ஈசிஜி எடுக்க வயரைப் பார்த்தாலே துள்ளுவாள். கடைசியில் அந்த மேஜை மேலும் இவர்தான் துண்டை வீச வேண்டியிருந்தது. குழந்தையின் இதயத்தில் எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. டிக்கெட் கிடைத்தது. மற்ற ஏற்பாடுகளை ஏர்போர்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

கிளம்பும் நாள் காலையில் அவர் தெரிந்தவருடைய அம்பாசிடரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவரும் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஏர்போர்ட்டில் வாயைத் திறக்க மாட்டேன் என்று மீனு மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். ஜிஎஸ்டி ரோட்டில் குரோம்பேட்டை தாண்டும்போதே, ஏர்போர்ட்டுக்கு நிலம் கொடுத்தவனெல்லாம் நம்ம சனங்கதான், உள்ளே எப்படியும் நாலு பேர் தெரிந்தவன் இருப்பான் என்று டிரைவரிடம் அளந்துகொண்டு வந்தார்.

வழியனுப்ப வருகிறவர்களுக்கான டிக்கெட் வாங்கிக்கொண்டு அவரும் ஹாலுக்குள் வந்தார். கவுண்டர் கவுண்டராக முகங்களைப் பார்த்தார். பெட்டி தள்ளுகிறவர்களைப் பார்த்தார், போலீஸ்காரரைப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவருக்கு ஆள் தெரியாத இடம் ஒன்று இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு தூண் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

கவுண்டரிலிருந்த பையன் நல்லவன். ஜன்னலோரம் கொடுத்தான். குழந்தையோடு இருக்கிறீர்கள், உங்களை முதலில் ஏற்றிவிடுகிறேன் என்றான். வேண்டாம்ப்பா, கடைசியில் ஏற்று என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எல்லாரும் முதலில் ஏற்றச் சொல்லித்தான் மேடம் சண்டை போடுவார்கள் என்றான். அதைப் புரியவைத்து முடித்துத் துண்டைப் பற்றிச் சொன்னபோது அவன் முகம் மாறிவிட்டது. பயணிகளின் சாமானை நாங்கள் தனியாக எடுத்துப் போகக் கூடாது, பாதுகாப்பு விதி என்றான். வெறும் துண்டுதானே என்றேன். அப்படியானால் நீங்களே எடுத்துப் போய் விரித்துக்கொள்ளுங்கள் மேடம் என்றான். நான் விரித்தால் உட்கார மாட்டாள் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மீனு காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தாள். இனி அலறல்தான். மேலே யாரிடம் கேட்பது என்றேன். அந்தக் கோடியிலிருந்த மேஜையைக் காட்டினான். அங்கே நீலப் புடவை கட்டிய ஒரு அதிகாரியின் முன்னால் ஏழெட்டுப் பேர் கூடுதல் லக்கேஜோடு நின்றுகொண்டிருந்தார்கள். மீனுவை இழுத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க என்னால் முடியாது. அவளை விட்டுவிட்டும் போக முடியாது. அப்படியே அழுதுவிடலாம் போலிருந்தது.

“தங்கச்சி, நீ கொழந்தைய பாத்துக்கோ” என்றார் அவர்.

வேண்டாம் அண்ணா, சத்தியம் செய்திருக்கிறீர்கள் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. நேராக அந்த மேஜையை நோக்கிப் போனார். போய் வரிசைக்கு முன்னால் தலையை விடப்போகிறார், என் குழந்தைக்குப் புற்றுநோய் என்றோ, என் புருஷன் செத்துவிட்டான் என்றோ சொல்லப்போகிறார், இந்த விமானமும் இல்லை என்று நான் மனம் தளர்ந்துவிட்டேன்.

அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

என்னால் நம்ப முடியவில்லை. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு வரிசையின் கடைசியில் நின்று நான் பார்த்ததில்லை. முன்னால் டிவி பெட்டியோடு நின்ற ஆள் நகர்ந்தால் இவரும் ஒரு அடி நகர்ந்தார். நடுவில் கோட்டு போட்ட ஒருவர் பக்கவாட்டில் வந்து நுழையப் பார்த்தார். “லைன்ல வா சார்” என்று இவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மீனுவை மெல்ல நகர்த்திக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். அவர் முறை வந்தபோது பேச்சு காதில் விழும் தூரத்தில் இருந்தேன். அந்த அம்மாள் நிமிர்ந்து என்ன என்று கேட்டார். இவர் துண்டை மேஜை மேல் வைத்தார்.

“அம்மா, எனக்கு இங்க யாரையும் தெரியாது. அந்தா நிக்குதே, அந்த கொழந்தைக்கு ஆட்டிசம். பேசாது. இந்த துண்டு மின்னாடியே போயி சீட்ல கெடந்தா ஒக்காரும். இல்லாங்காட்டி ஒக்காராது, கத்தும். நீங்க எறக்கி வுட்ருவீங்க. இதான் நெசம்.”

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்போது கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் மீனுவைப் பார்த்தார். இவர் பயந்த மாதிரி ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை, சும்மா பார்த்தார். எந்த நாற்காலி என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டுத் துண்டை உதறிக் காட்டினார். இரண்டு விரலால் அதைத் தூக்கி, மூக்கைக் கொஞ்சம் சுளித்து, சரி, நானே போடுகிறேன், நீங்கள் கடைசி பஸ்ஸில் வாருங்கள் என்றார்.

செக்யூரிட்டிக்குப் போகும் வாசலோடு அவரைப் பிரிந்தோம். மீனு திரும்பிப் பார்க்கவில்லை, அவளுக்கு அது வராது. அவர் வெறும் தோளோடு நின்றார்.

கடைசி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். விமானத்தின் படிக்கட்டுக்குக் கீழே நீலப் புடவை அம்மாள் வெயிலில் நின்றுகொண்டு, போகலாம் என்று தலையாட்டினார். படி ஏறும்போது எனக்கு ஒரே கவலைதான். இவ்வளவு சுத்தமான மனுஷி, நிச்சயம் துண்டை அழகாக மடித்துச் சதுரமாக வைத்திருப்பார். மடித்திருந்தால் மீனு உட்கார மாட்டாள். அதை அவரிடம் சொல்ல மறந்து தொலைத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். மீனு என் கையை உதறினாள்.

ஜன்னலோர நாற்காலியில் துண்டு குறுக்காகக் கிடந்தது. ஒரு முனை கைப்பிடியில் ஏறி, மறுமுனை தரையில் தொங்கியது. தாம்பரம் ரயிலில் விழுகிற மாதிரியே. மீனு நேராகப் போய் அதன் மேல் உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டுவிட்டேன். ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பம்பாய் வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் பம்பாயிலிருந்து தாம்பரத்துக்கு எஸ்டிடி போட்டேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார். ஹலோ கூடச் சொல்லவில்லை.

“ஒக்காந்துச்சா?”

“உக்காந்தா அண்ணா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பழைய ஆளாகிவிட்டார். நாங்கள் உள்ளே போனதும் அந்த அம்மாளிடம் திரும்பப் போய், மடித்து வைக்கக் கூடாது, வீச வேண்டும் என்று சொல்லி, ஹாலில் காலியாகக் கிடந்த நாற்காலியில் வீசிக் காட்டியிருக்கிறார். அதோடு விட்டாரா? அந்த அம்மாளையும் வீச வைத்து, கை வருகிற வரைக்கும் விடவில்லையாம். லக்கேஜோடு நின்ற சனமெல்லாம் வேடிக்கை பார்த்ததாம். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

“துண்ட தோய்ச்சிடாத. இன்னொரு தபா ஏறக்கொள்ள எவனாச்சும் பேஜார் பண்ணான்னா ஹார்ட்டுன்னு சொல்லு. அதான் கைல சர்ட்டிபிகேட் கீதே.”

அந்த சர்ட்டிபிகேட்டில் ஹார்ட்டில் ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது என்று கத்தினேன். அத எவன் படிக்கப் போறான் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

பிறகு அவர் வேறு துண்டே வாங்கவில்லை. எங்கள் பக்கத்து போர்ஷனில் இருந்தவர்கள் ஒருமுறை பம்பாய் வந்தபோது சொன்னார்கள். ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் அந்த வெறும் தோளைப் பார்த்து, துண்டு எங்கே என்று கேட்காத ஆள் இல்லையாம். வண்ணான், மாடு, மாப்பிள்ளை கதையையெல்லாம் அவர் விட்டுவிட்டாராம். யார் கேட்டாலும் ஒரே பதில்தானாம்: “அது ஏரோப்ளேன்ல பம்பாய் போய்க்கீது. எங்க வூட்டு கொழந்தைக்கு எடம் புடிக்க.”

ஒருத்தரும் நம்பவில்லையாம்.